விண்டோஸ் 10 முடிந்த பிறகு கடைக் கொம்பியூட்டரை என்ன செய்வது? வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் நிறைய கடை வைத்திருப்பவர்களுடையவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், பெயர்களை விட்டுவிட்டேன். சிலர் தங்கள் கடையில் எது பலவீனம் என்று அப்படியே மனம் திறந்து எழுதியிருக்கிறார்கள், அதைப் பெயரோடு அச்சில் போடுவது அவர்களுக்கு நல்லதில்லை.

கேள்வி: சின்னதாக ஒரு பாமசி வைத்திருக்கிறேன். பில் போடுவது, ஸ்டொக் பார்ப்பது எல்லாம் ஒரே கொம்பியூட்டரில்தான், விண்டோஸ் 10. சப்போர்ட் முடிந்துவிட்டது என்று திரையில் வந்துகொண்டே இருக்கிறது. டவுனில் கேட்டால் புதிதாக ஒன்று வாங்குங்கள் என்கிறார்கள். மெஷின் நன்றாகத்தானே ஓடுகிறது சேர், எதற்கு மாற்ற வேண்டும்? (தலவாக்கலை)

பதில்: மெஷின் நாளைக்கும் ஓடும், அடுத்த வருடமும் ஓடும். விண்டோஸுக்குள் மாதாமாதம் புதுப்புது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன, அவற்றை அடைக்கும் வேலைதான் நின்றிருக்கிறது. பலர் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. விண்டோஸ் 11க்கு ஓர் ஓட்டையை அடைத்து அப்டேட் வெளிவந்ததும், அந்த அப்டேட்டைப் பிரித்துப் பார்த்தே ஓட்டை எங்கே இருந்தது என்று திருடர்கள் தெரிந்துகொள்வார்கள். அதே ஓட்டை விண்டோஸ் 10இலும் இருந்தால் அங்கே அடைக்க ஆளில்லை. அதனால்தான் நாள் போகப்போக ஆபத்து கூடிக்கொண்டே போகிறது.

என் கடை சின்னது, என்னை யார் தேடி வரப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2017 மே 12ஆம் திகதி வன்னாகிரை என்ற வைரஸ் கிளம்பியதே, அது யாரையும் தேடி வரவில்லை. இணையத்தில் ஓட்டையோடு இருந்த மெஷின்களை அதுவாகவே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு போனது, திறந்திருந்ததற்குள் நுழைந்து பைல்களை எல்லாம் பூட்டிவிட்டு டொலர் கேட்டது. 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கொம்பியூட்டர்கள் அதில் மாட்டின, இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. இதில் என் மனதை இன்றைக்கும் உறுத்துவது என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14ஆம் திகதியே வெளிவந்திருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 மெஷின்கள், அப்போது அதற்கு அப்டேட் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் போடாமல் இரண்டு மாதம் விட்டிருந்தார்கள்.

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். முதலில் மைக்ரோசொப்ட் தரும் 'பி.சி. ஹெல்த் செக்' என்ற இலவச சொப்ட்வெயாரை ஓட விட்டுப் பாருங்கள், விண்டோஸ் 11 போகுமா போகாதா என்று அதுவே சொல்லும். போகும் என்றால் அப்டேட் பக்கத்திலேயே காசில்லாமல் மாறிக்கொள்ளலாம். ஆனால் மாறுவதற்கு முன்னால் பில்லிங் சொப்ட்வெயார் கொடுத்தவரிடம் விண்டோஸ் 11இல் அது ஓடுமா என்று கேளுங்கள், பெக்கப் எடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாதிரி ஆள் வராத நேரத்தில் செய்யுங்கள்.

போகாது என்றால், கொஞ்ச காலத்துக்குத் தாக்குப்பிடிக்க ஒரு வழி இருக்கிறது. நீடிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் என்று மைக்ரோசொப்டே ஒரு திட்டம் வைத்திருக்கிறது. வீட்டுப் பாவனைக்கானது 2026 ஒக்டோபர் 13 வரை, அதை மைக்ரோசொப்ட் கணக்கோடு உள்ளே போய் செட்டிங்ஸை பெக்கப் செய்தால் இலவசமாகவும் இல்லாவிட்டால் 30 டொலருக்கும் தருகிறார்கள். வியாபாரத்துக்கானது தனி: ஒரு மெஷினுக்கு முதல் வருடம் 61 டொலர், அடுத்த வருடம் அதன் இரட்டிப்பு, மூன்றாம் வருடம் அதன் இரட்டிப்பு, அதோடு முடிவு. பழைய மெஷின் ஒன்றுக்கு மூன்று வருடம் இப்படிக் கட்டுவதை நான் சொல்லமாட்டேன். ஒரு வருடம் கட்டி அதற்குள் காசு சேர்த்துக்கொள்வது வேறு விஷயம்.

வாங்குவது என்று முடிவு செய்தால் புத்தம் புதியதுதான் வேண்டும் என்றில்லை. கொழும்பிலிருந்து வரும் பாவித்த ஒபிஸ் மெஷின்கள் நன்றாகவே உழைக்கும். ஆனால் விண்டோஸ் 11க்கு இன்டெல் புரொசெசர் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் மெஷினில் வேண்டும். கடையில் "ஐ-ஃபைவ் மெஷின்தான், நல்லது" என்று மட்டும் சொன்னால் போதாது, முழு நம்பரையும் பாருங்கள். ஐ5 என்பதற்குப் பிறகு 8250 என்று வந்தால் முதலில் உள்ள 8தான் தலைமுறை, எடுக்கலாம். 7200 என்று வந்தால் ஏழாம் தலைமுறை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். 10210 என்று ஐந்து இலக்கம் வந்தால் பத்தாம் தலைமுறை. இது தெரியாமல் ஏழாம் தலைமுறை மெஷினைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அப்புறம் எனக்கு எழுதுகிறவர்களை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. தகுதியில்லாத மெஷினில் பரிசோதனையைத் தாண்டிக்கொண்டு விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருகிறோம் என்று சொல்வார்கள். அது ஏறும், ஆனால் அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தருவதில்லை, மருந்து விற்கும் கொம்பியூட்டருக்கு அது சரிவராது.

கேள்வி: அப்டேட்டைப் பூட்டி வையுங்கள், போட்டால் பில்லிங் நின்றுவிடும், அப்புறம் நாங்கள் பொறுப்பில்லை என்று சொப்ட்வெயார் கொடுத்தவர் சொல்லிவிட்டார். ஒருமுறை உண்மையிலேயே பிரின்டர் நின்றும் போனது. யார் சொல்வதைக் கேட்பது? (ஹார்ட்வெயார் கடை, பண்டாரவளை)

பதில்: அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் உலகம் முழுக்க ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையோடு நின்றன, விமான நிலையங்கள் கூட முடங்கின. அப்டேட் கெடுதல் செய்ததே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கெட்டுப்போன அப்டேட்டைக் கழற்றிவிட்டு அடுத்த நாள் வேலை பார்க்கலாம், பூட்டப்பட்ட பைல்களை அப்படித் திருப்ப முடியாது. நான் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

நிரந்தரமாகப் பூட்டி வைப்பதற்குப் பதிலாகக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'போஸ்' என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதிகபட்சம் ஐந்து வாரம் நிறுத்தி வைக்கலாம். மைக்ரோசொப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமைதான் பாதுகாப்பு அப்டேட்டுகளை வெளியிடும், நம் நேரப்படி இரவு பத்தரை அல்லது பதினொன்றரை, ஆகவே நம் கைக்கு வருவது புதன்கிழமை. உங்களிடம் இரண்டு மெஷின் இருந்தால் உள்ளே கணக்கு எழுதும் மெஷினுக்கு உடனே போடுங்கள். இரண்டு மூன்று நாள் பார்த்து, பிரின்டர் ஓடுகிறது, பில் வருகிறது என்றானதும் முன்னால் பில் போடும் மெஷினுக்கும் போடுங்கள். ஒரே மெஷின் என்றால் அந்த வாரக் கடைசி வரை தள்ளி வைத்து, முதலில் பெக்கப் எடுத்துவிட்டுப் போடுங்கள். எதாவது குழம்பினால் அப்டேட் ஹிஸ்டரிக்குள் போய் அந்த ஒன்றை மட்டும் கழற்றலாம். வியாபார நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாமலிருக்க 'அக்டிவ் ஹவர்ஸ்' என்ற இடத்தில் கடை திறக்கும் மூடும் நேரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

சொப்ட்வெயார்காரரிடம் ஒன்று கேளுங்கள், வாயால் இல்லாமல் வட்ஸ்அப்பிலாவது எழுதிக் கேளுங்கள்: இந்த சொப்ட்வெயாரின் புதிய பதிப்பு எப்போது வந்தது, விண்டோஸ் 11இல் எத்தனை பேரிடம் ஓடுகிறது? வருடா வருடம் பராமரிப்புக் காசு வாங்குகிறவர் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். சொல்ல முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அப்புறம், தூரத்தில் இருந்தே உங்கள் மெஷினுக்குள் வந்து பழுது பார்க்க எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போட்டிருப்பார், நிரந்தர பாஸ்வேர்டோடு. அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். உதவி வேண்டிய நேரத்தில் நீங்கள் திறந்து, நம்பர் கொடுத்து, வேலை முடிந்ததும் மூட வேண்டும்.

கேள்வி: மாதம் மாதம் அப்டேட் டேட்டாவைத் தின்றுவிடுகிறது. ஆறு கொம்பியூட்டருக்கும் தனித்தனியாக இறங்குகிறது. (டியூஷன் வகுப்பு, ஹட்டன்)

பதில்: ஆறுக்கும் தனித்தனியாக இறக்கத் தேவையில்லை. அப்டேட் அட்வான்ஸ்ட் ஒப்ஷனுக்குள் 'டெலிவரி ஒப்டிமைசேஷன்' என்று இருக்கிறது, அதில் உள்ளூர் நெட்வேர்க்கில் உள்ள கொம்பியூட்டர்களோடு மட்டும் பகிர்வதைத் திறந்துவிடுங்கள், ஒன்று இறக்கியதை மற்றவை அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளும். இரவு டேட்டா தனியாக உள்ள பெக்கேஜ் என்றால் ஒரு மெஷினை மட்டும் அந்தப் புதன்கிழமை இரவு ஓட விடுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் கொமியூனிகேஷன் ஒன்று நடத்துகிறேன். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் பென் டிரைவ் கொண்டுவருவார்கள், குத்தினால் எல்லாம் ஷோர்ட்கட்டாகத் தெரிகிறது. ஒருவருடைய வைரஸ் அடுத்தவருக்குப் போகிறது, கெட்ட பெயர் எனக்கு. வட்ஸ்அப்பில் அடையாள அட்டை போட்டோ எல்லாம் அனுப்புவார்கள், அதை என்ன செய்ய? (மஸ்கெலியா)

பதில்: தங்கச்சி, வந்தவற்றில் மிக முக்கியமான கேள்வி உங்களுடையது என்று நினைக்கிறேன், ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் எழுதுகிறேன்.

முதலில் பென் டிரைவ். ஷோர்ட்கட்டாகத் தெரியும்போது உள்ளே இருந்த பைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, வைரஸ் அவற்றை ஒளித்து வைத்துவிட்டு, அதே பெயரில் தன்னை ஓட வைக்கும் ஷோர்ட்கட்டை மேலே போட்டிருக்கும். அதை டபுள் கிளிக் செய்த நொடியில்தான் அது உங்கள் மெஷினுக்குள் வருகிறது. ஆகவே குத்தியதும் எதையும் திறக்காமல், டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, விண்டோஸோடே வரும் வைரஸ் காவலான டிபென்டரால் ஸ்கேன் செய்யுங்கள், கூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, ஆட்கள் நிற்பார்கள். அப்புறம் எக்ஸ்ப்ளோரரில் வியூ என்பதற்குள் போய், ஒளிந்த பைல்களைக் காட்டு, பைல் பெயரின் வாலையும் காட்டு என்று இரண்டையும் திறந்து வையுங்கள். போல்டர் படத்தோடு இருக்கும் ஒன்றின் பெயருக்குப் பின்னால் 'டொட் இ.எக்ஸ்.இ.' என்று வால் இருந்தால் அது போல்டர் இல்லை, வைரஸ். ஸ்கேன் செய்த பிறகும் ஒன்றும் தெரியவில்லையே என்று டிரைவைப் போர்மட் செய்துவிடாதீர்கள். ஒரு பிள்ளையின் சான்றிதழ் ஸ்கேன் அதில் மட்டுமே இருக்கலாம்.

உங்கள் மெஷினில் இரண்டு கணக்கு வையுங்கள். ஒன்று அட்மினிஸ்ட்ரேட்டர், அதன் பாஸ்வேர்ட் உங்களுக்கு மட்டும். மற்றது சாதாரண 'ஸ்டாண்டர்ட்' கணக்கு, அன்றாட வேலை எல்லாம் அதில்தான். எதாவது தன்னைத்தானே நிறுவப் பார்த்தால் பாஸ்வேர்ட் கேட்டு நிற்கும். காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றம் பாதித் தொல்லையைக் குறைக்கும். ஈ-பேங்கிங், கடையின் சொந்தக் கணக்கு வழக்கு இவற்றை இந்த மெஷினில் செய்யவே வேண்டாம், பழைய லெப்டொப்பாக இருந்தாலும் வேறொன்றில் செய்யுங்கள்.

இப்போது அந்த அடையாள அட்டைகள். ஒரு நாளில் உங்கள் வட்ஸ்அப்புக்கு என்னென்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். அடையாள அட்டை இரண்டு பக்கமும், ஈ.பி.எப். பத்திரம், பேங்க் புத்தகத்தின் முதல் பக்கம், வெளிநாடு போகும் பெண்ணின் பாஸ்போர்ட், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். ஒரு ஆளின் பெயரில் சிம் எடுக்க, கடன் கேட்க, பொய்க் கணக்கு திறக்க முயல்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கொடுத்தவர்கள் வாழ்க்கை முழுக்க உழைத்துச் சேர்த்ததே அந்த ஈ.பி.எப். காசுதான், அவர்களுக்கு இதில் ஏமாந்தால் போய் முறையிடவும் வழி தெரியாது. நம்பிக் கொடுத்தது உங்களை. ஆகவே பிரின்ட் எடுத்ததும் அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுங்கள், டவுன்லோட் போல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் சேர்த்து. வட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். இரவு கடை மூடும்போது வட்ஸ்அப் வெப்பிலிருந்து வெளியே வாருங்கள், 'லிங்க்ட் டிவைசஸ்' பட்டியலில் உங்களுக்குத் தெரியாத மெஷின் இருக்கிறதா என்று வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். 'டூ ஸ்டெப் வெரிபிகேஷன்' பின் நம்பர் போடாமல் ஒரு நாள் கூட இருக்காதீர்கள், கடையின் வட்ஸ்அப் களவு போனால் அதில் உள்ள அத்தனை பேரிடமும் உங்கள் பெயரில் காசு கேட்பார்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை, ஆனால் பல கடைகளில் நடக்கிறது. வயதானவர்களுக்கு ஜிமெயில் கணக்கு திறந்து கொடுத்துவிட்டு, அவர்களுக்கு ஞாபகம் இருக்காது என்று பாஸ்வேர்டைக் கடைக் கொப்பியிலேயே எழுதி வைப்பது. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் ஒரே கொப்பியில் ஊர் ஆட்களின் பாஸ்வேர்ட் எல்லாம், பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட். ஒரு துண்டில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள், வீட்டில் அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளட்டும், கணக்கை மீட்கும் போன் நம்பராக உங்கள் நம்பரைப் போடாமல் அவர்கள் வீட்டு நம்பரையே போடுங்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது, மற்றவர் விவரத்தை வாங்கி வைத்திருக்கிறவருக்குப் பொறுப்பு உண்டு என்பதுதான் அதன் சாரம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்லியிருப்பேன்.

கேள்வி: கொம்பியூட்டர் வாங்கும்போதே விண்டோஸும் ஒபிஸும் போட்டுத்தான் தந்தார்கள். இப்போது அக்டிவேட் செய்யச் சொல்கிறது. தெரிந்த தம்பி ஒருவர் சின்ன சொப்ட்வெயார் ஒன்று தருகிறேன், டிபென்டரை மட்டும் நிறுத்தச் சொல்கிறார். செய்யலாமா? (கோழி இறைச்சிக் கடை, கொட்டகலை)

பதில்: வேண்டாம். காவலை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே வருகிற எதையும் நம்பாதீர்கள். அந்தத் தம்பி நல்லவராகவே இருப்பார், ஆனால் அந்த பைலை அவர் எழுதவில்லை, எழுதியவர் யார் என்று அவருக்கும் தெரியாது. ஏற்கனவே யாராவது அப்படிச் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள்: விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்பு செட்டிங்ஸின் அடியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற இடத்துக்குப் போனால், ஸ்கேன் செய்யாமல் விடச் சொன்ன போல்டர்களின் பட்டியல் வரும். முழு சி டிரைவையுமே விலக்கி வைத்திருக்கும் மெஷின்கள் உண்டு. அப்படி இருந்தால் டிபென்டர் பச்சை டிக் காட்டிக்கொண்டே ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்.

கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும்தான் ஒபிஸ் என்றால் லிப்ரே ஒபிஸ் இலவசம், சட்டப்படியானது, தமிழும் அடிக்கலாம். இணையம் பார்ப்பதோடு சரி என்றால் பழைய மெஷினுக்கு விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் போதும், அதுவும் இலவசம், அதற்கு அப்டேட்டும் ஒழுங்காக வரும். பில்லிங்குக்கு விண்டோஸ்தான் வேண்டும் என்றால் காசு கொடுத்து வாங்குங்கள், அல்லது அசல் விண்டோஸோடு வரும் பாவித்த மெஷினைப் பாருங்கள்.

கேள்வி: பிரஸ்ஸில் பழைய விண்டோஸ் எக்ஸ்பீ மெஷின் இருக்கிறது. பேஜ்மேக்கர், பாமினி எழுத்து, இருபது வருட பைல்கள். தூக்கிப் போடச் சொல்கிறீர்களா? (பதுளை)

பதில்: இல்லை, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நெட்வேர்க் வயரைக் கழற்றி, வைபை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். எக்ஸ்பீக்கு 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு அப்டேட் நின்றுவிட்டது, அது இனி இணையத்தைப் பார்க்கவே கூடாது. பைல் கொண்டுபோக ஒரே ஒரு பென் டிரைவ், அதற்கென்று மட்டும், ஒவ்வொரு முறையும் புது மெஷினில் ஸ்கேன் செய்தது. பாமினி எழுத்து விண்டோஸ் 11இலும் வேலை செய்யும், அந்தக் கவலை வேண்டாம். ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது, பைல்களை இந்த வாரமே பிரதி எடுத்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் என்று ஊரின் வரலாறே அதில் இருக்கும்.

கேள்வி: எங்களுடையது சின்ன ஹோம்ஸ்டே. புக்கிங் டொட் கொம்மில் இருந்து வந்த மாதிரி மெயில், விருந்தினர் குறை சொல்லியிருக்கிறார் என்று. லிங்க்கைத் திறந்தால், நீங்கள் மனிதரா என்று கேட்டு விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் அமுக்கச் சொன்னது. பயந்து மூடிவிட்டேன். சரிதானா? (எல்ல)

பதில்: மிகவும் சரி. இது ஹோட்டல்காரர்களைக் குறிவைத்தே செய்யப்படும் மோசடி, 2025 மார்ச்சில் மைக்ரோசொப்ட் இதைப் பற்றி விரிவாக எச்சரித்தது, தெற்காசியாவும் அதில் உண்டு. அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையைக் கொப்பி செய்து வைத்துவிடும். விண்டோஸும் ஆரும் அமுக்கினால் கட்டளைகளை ஓட வைக்கும் ரன் பெட்டி வரும், கண்ட்ரோலும் வீயும் அமுக்கினால் அந்தக் கட்டளை அதில் ஒட்டும், என்டர் தட்டினால் பாஸ்வேர்ட் திருடும் வைரஸை நீங்களே கூப்பிட்டு உள்ளே விட்டதாகிவிடும். உண்மையான எந்த இணையதளமும் அந்த பட்டன்களை அமுக்கச் சொல்லாது. ரிசெப்ஷனில் நிற்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். குறை, ரிவ்யூ எதுவானாலும் மெயில் லிங்க்கை விட்டுவிட்டு, முகவரியை நீங்களே அடித்து உள்ளே போய்ப் பாருங்கள்.

கேள்வி: மொத்தக் கடை. தோட்டத்து ஆட்களுக்குக் கொடுக்கும் கடன் கணக்கு எல்லாம் இப்போது கொம்பியூட்டரில். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று எப்போதும் குத்தியே வைத்திருக்கிறோம், தினமும் தானாகப் பெக்கப் ஆகிறது. இது போதும்தானே? (நாவலப்பிட்டி)

பதில்: பெக்கப் எடுக்கிறீர்கள் என்பதே பெரிய விஷயம். ஆனால் குத்தியே இருக்கும் டிஸ்க்கை, பைல்களைப் பூட்டும் வைரஸும் சேர்த்துப் பூட்டிவிடும். இடி விழுந்து கரண்ட் வயர் வழியாக வந்தால் இரண்டும் ஒன்றாக எரியும், நம் மலைப்பக்கம் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களை உலுக்கியதைப் பார்த்தோம். வெள்ளமோ மண்சரிவோ வந்தால் மேசையில் இருக்கும் கொம்பியூட்டரும் பக்கத்தில் இருக்கும் டிஸ்க்கும் ஒன்றாகத்தான் போகும்.

இன்னொரு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று கடையில், பிரதி எடுக்கும் நேரத்தில் மட்டும் குத்துவதற்கு. மற்றது வீட்டில். வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். வீடும் கடையும் ஒரே கட்டடம் என்றால் வேறு ஊரில் உள்ள சொந்தக்காரர் வீட்டில், அல்லது பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி கூகுள் டிரைவில், அதில் 15 ஜிகாபைட் இலவசம், கடன் கணக்குக்கு அது தாராளம். பில்லிங் சொப்ட்வெயாரின் தரவு பைலை அப்படியே இழுத்துக் கொப்பி செய்யாதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தது திறக்காமல் போகலாம். அதற்குள்ளேயே பெக்கப் பட்டன் இருக்கும், அதைப் பாவியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு மெஷினில் அந்தப் பெக்கப்பைத் திறந்து, தெரிந்த ஓர் ஆளின் பாக்கி சரியாக வருகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பெக்கப்பை நான் பெக்கப் என்று எண்ணுவதே இல்லை.

அரசாங்கத்துக்கே நடந்தது இது. 2023 ஓகஸ்ட்டில், அரச மெயில்கள் ஓடிய லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டைப் பைல் பூட்டும் வைரஸ் தாக்கியது. ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் மாட்டின, அமைச்சரவை அலுவலகமும் உட்பட. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மெயில்கள் திரும்பக் கிடைக்கவில்லை, அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்து வைத்த பெக்கப் இருக்கவில்லை. அதில் ஓடிய மெயில் சொப்ட்வெயார் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, அந்த ஏப்ரலிலேயே அதற்குச் சப்போர்ட் முடிந்திருந்தது. பழைய சொப்ட்வெயார், பெக்கப் இல்லை, இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தது. உங்கள் கடையில் கடன் கணக்கு போனால் உங்களுக்கு மட்டும் நட்டமில்லை. யார் எவ்வளவு தர வேண்டும் என்று சம்பள நாளில் இரண்டு பக்கமும் வாக்குவாதம் வரும், பாதியைக் கட்டி முடித்தவருக்குத் தான் கட்டியதற்கு வேறு சாட்சி இல்லை. ஆகவே ஆட்களுக்குப் பாக்கித் துண்டு ஒன்றை மாதாமாதம் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள், அதுவும் ஒரு பெக்கப்தான்.

கேள்வி: ரவுட்டரையும் அப்டேட் செய்ய வேண்டுமா? (ஹப்புத்தளை)

பதில்: ஆம். வைபை பாஸ்வேர்ட் வேறு, ரவுட்டருக்குள் போகும் பாஸ்வேர்ட் வேறு. இரண்டாவதைப் பலர் 'அட்மின்' என்றே விட்டிருப்பார்கள், அதை இன்றைக்கே மாற்றுங்கள். வாடிக்கையாளர்களுக்கு வைபை கொடுத்தால் கெஸ்ட் நெட்வேர்க்கில் கொடுங்கள், பில் மெஷின் இருக்கும் அதே வைபையில் வேண்டாம். அப்டேட்டே வராத அளவுக்குப் பழைய ரவுட்டர் என்றால் இணைப்புத் தந்த கம்பனியிடம் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: எல்லாம் செய்தும் ஒரு நாள் மாட்டிவிட்டால் முதலில் என்ன செய்வது? (நகைக் கடை, கம்பளை)

பதில்: நெட்வேர்க் வயரைப் பிடுங்குங்கள், வைபையை நிறுத்துங்கள், மற்ற மெஷின்களையும் பிரித்துவிடுங்கள். பதற்றத்தில் பெக்கப் டிஸ்க்கைக் கொண்டுவந்து அதே மெஷினில் குத்தாதீர்கள், உள்ள ஒரே நல்ல பிரதியும் போய்விடும். திரையில் வந்ததைப் போனில் போட்டோ எடுங்கள். யாராவது உடனே போர்மட் செய்யலாம் என்றால் பொறுக்கச் சொல்லுங்கள். சில வகை வைரஸ்களுக்கு இலவசத் திறவுகோல் உண்டு, 'நோ மோர் ரேன்சம்' என்ற தளத்தில், ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்துப் பொலிஸும் சேர்ந்து 2016இல் தொடங்கியது, பூட்டப்பட்ட ஒரு பைலைக் கொடுத்தால் எந்த வகை என்று பார்த்துச் சொல்லும். காசு கட்டாதீர்கள், கட்டினாலும் திறந்து தருவார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அந்த மெஷினில் பேங்க் வேலை செய்திருந்தால் உடனே பேங்குக்குப் போன் போட்டு ஈ-பேங்கிங்கை நிறுத்தச் சொல்லுங்கள், பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றுங்கள், முதலில் மின்னஞ்சல், அப்புறம் மற்றவை. இப்படிப்பட்ட கொம்பியூட்டர் தாக்குதல்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் என்ற அமைப்புக்கும் சொல்லுங்கள், அதன் நம்பர் 101. அடகு வைத்தவர்களின் விவரம் அந்த மெஷினில் இருந்தது என்றால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அவர்கள் பெயரில் யாராவது போன் எடுத்துப் பேசினால் அவர்கள் உஷாராக இருக்க வேண்டும்.